அரைஞாணில் கட்டிய சாவி

சீசன் நாட்களில் ஐந்தருவிப் பக்கம் போனால், கார் சாவியைத் தொலைத்த ஒருவரையாவது பார்க்கலாம். ஈரத் துண்டோடு காரைச் சுற்றிச் சுற்றி வருவார். கண்ணாடி வழியாக எட்டி, உள்ளே கிடக்கும் தன் சட்டையைத் தானே பார்த்துக்கொண்டு நிற்பார். கூட வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அப்படிப்பட்டவர்களைப் பார்த்து நான் நிறையச் சிரித்திருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு அருவியில் குளிக்கவும் தெரியாது, குளிக்கும்போது சாவியை எங்கே வைப்பது என்றும் தெரியாது என்பது என் கணிப்பு. செருப்புக்குள் வைப்பார்கள். சட்டைப் பையில் வைத்துச் சட்டையைப் பாறையில் போடுவார்கள். முன் சக்கரத்தின் மேல் ஒளித்துவிட்டு, ஒளித்தது ஊருக்கே தெரியும்படி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

எங்கள் வழக்கம் வேறு. சாவி வளையத்தை அரைஞாண் கயிற்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போவோம். சைக்கிள் சாவியை அப்படித்தான் கட்டினேன், பிறகு பைக் சாவியை. கார் வாங்கிய பிறகு, பட்டன் வைத்த சாவி நனைந்தால் கெட்டுப்போகும் என்று அதற்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர் பேண்ட் சுற்றிக்கொள்வேன். என் உரக்கடைக்கு வருகிறவர்களிடம்கூட இந்த ஏற்பாட்டைப் பெருமையடித்திருக்கிறேன்.

எனக்கு இன்னொரு கொள்கையும் இருந்தது. கார், கடை, வீடு, பீரோ, நான்கு சாவியும் ஒரே வளையத்தில்தான் கிடக்க வேண்டும். பீரோச் சாவியையாவது வீட்டில் வையுங்கள் என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். "தனித்தனியா வச்சா தனித்தனியாத் தொலையும்" என்று அவள் வாயை அடைத்தேன். காரோடு வந்த இரண்டாவது சாவிக்கு அவள் குங்குமம் வைத்து, ஒரு நாள் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்து, மறுநாள் பீரோவுக்குள் நகைப்பெட்டியோடு வைத்துப் பூட்டினாள். பீரோவுக்கு இருந்த இன்னொரு சாவியும் அதே பீரோவுக்குள்தான் இருந்தது. இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் ஒன்பது மாதமாகத் தோன்றவே இல்லை.

என் தம்பி பட்டாளத்தில் இருக்கிறான். அந்த வருடம் ஆனி மாதம், அவன் மனைவியின் வளைகாப்புக்காக லீவில் வந்திருந்தான். வளைகாப்பு முடிந்து அவளைச் சுந்தரபாண்டியபுரத்தில் அம்மா வீட்டுக்கு அனுப்பியாயிற்று. பிரசவத்துக்கு அடுத்த லீவை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தான். அன்றைக்குச் சாயங்காலம் ஆறரைக்குத் தென்காசியில் அவனுக்கு ரயில். சென்னை போய், அங்கிருந்து வடக்கே போகும் ரயிலைப் பிடித்தால்தான் சொன்ன நாளில் ஆஜராக முடியும். நேரம் தவறினால் அவன் தலைதான் உருளும்.

"போறதுக்கு முன்ன ஒரு குளியல் போட்டுருவோம்ண்ணே. அங்கன இந்தத் தண்ணியெல்லாம் கெடையாது" என்றான். மூன்றரை மணிக்கு அவன் பையைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு குத்துக்கல்வலசையிலிருந்து கிளம்பினோம். லீவுச் சீட்டு, அடையாள அட்டை, டிக்கெட் எல்லாம் அந்தப் பையில். குளித்துவிட்டு அப்படியே ஸ்டேஷன் போவதாகத் திட்டம்.

எண்ணெய் தேய்த்துக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை. அதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு என்பேன். தம்பிதான் கையைப் பிடித்து இழுத்தான். சேர்ந்து தேய்த்துக்கொண்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்றான். சட்டை, பேண்ட், போன் எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டினேன். எண்ணெய் தேய்க்கிறவர் நல்ல மனிதர். தேய்த்து முடித்ததும், "சாவிய இங்கன வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். முன்பின் தெரியாத ஆளிடம் நான்கு சாவியைக் கொடுக்க நான் என்ன வெளியூர்க்காரனா? உள்ளங்கையில் எண்ணெய் வழிய வழிய, அதே கையால் சாவிக் கொத்தை அரைஞாணில் முடிந்தேன். கயிற்றிலும் எண்ணெய் ஊறியிருந்தது. முடிச்சை ஒரு தடவை இழுத்தும் பார்த்தேன்.

அன்றைக்குத் தண்ணீர் நன்றாக விழுந்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் நின்றான். நானும் பக்கத்தில் முதுகைக் கொடுத்து நின்றேன். தண்ணீர் விழுகிற விழுகையில் இடுப்பிலிருந்து எது போனாலும் தெரியாது. வெளியே வந்து துண்டைக் கட்டும்போது கை தானாக இடுப்புக்குப் போனது. கயிறு இருந்தது. சாவி இல்லை.

திரும்ப உள்ளே ஓடினேன். ஆட்களின் கால்களுக்கிடையே குந்தி, பாறையை இரண்டு கையாலும் துழாவினேன். தலையில் தண்ணீர் மொத்தியது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விசில் ஊதி என்னை எழுப்பினார். "அங்கன உக்காராதீய அண்ணாச்சி, ஆளு மேல விழுதாவ" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தண்ணீர் ஓடிப்போகிற பக்கத்தைக் காட்டினார். "மோதிரம், செயினு எல்லாம் அந்தப் பக்கந்தான் போவுது. தண்ணி வத்துனாத்தான் கெடைக்கும்" என்றார். அவர் அன்றைக்கு எத்தனையாவது ஆளுக்கு அதைச் சொன்னாரோ.

மணி ஐந்து ஆகியிருந்தது. எண்ணெய் தேய்க்கிறவரிடமே போய் நின்று போன் கேட்டேன். கொடுத்தார். வாங்கிய பிறகுதான், கட்டிக்கொண்டு பதினாலு வருடமான என் மனைவியின் நம்பர் எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. போனில் அவள் பெயர் இருக்கும், அதைத் தொடுவேன், அவ்வளவுதான். தம்பி பத்து எண்களையும் மூச்சு விடாமல் சொன்னான்.

"ரெண்டாவது சாவி பீரோவுக்குள்ள இருக்கு" என்றேன் அவளிடம்.

"பீரோச் சாவி?"

கேட்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"தம்பிக்கு எத்தன மணிக்கு ரயிலு, ஆறரைக்கா? ஒடச்சிருதேன்" என்று வைத்துவிட்டாள்.

அது அவள் அம்மா வீட்டுச் சீராக வந்த பீரோ. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஏட்டையாவைக் கூப்பிட்டு, கடப்பாரையைக் கொடுத்துக் கதவை நெம்பச் சொல்லியிருக்கிறாள். கால் மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள். சாவி கையில் இருக்கிறது, ஆட்டோவில் ஏறிவிட்டேன் என்றாள்.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் நடக்கக் கூடாதது நடந்தது. நடக்க வேண்டியது நடக்கவில்லை என்று சொல்வதுதான் சரி. எண்ணெய் தேய்க்கிறவர் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, பின்கண்ணாடிய ஒடச்சி அந்தப் பைய எடுத்துக் குடுத்துருங்க. நம்ம ஆட்டோ ஒண்ணு நிக்கி. தம்பி போயிருவாருல்லா" என்றார். சரியான யோசனை. உடைத்திருந்தால் அவன் ஐந்தரைக்குக் கிளம்பி, ஆறு மணிக்கெல்லாம் பிளாட்பாரத்தில் நின்றிருப்பான். ஒரு கல்லை எடுத்தேன். கையில் அடங்குகிற கல். காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, அதற்குப் பின்னால் அவன் பச்சைப் பை தெரிந்தது. ஒன்பது மாதக் கார். ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே துடைக்கிற கண்ணாடி. கையை ஓங்கவும் செய்தேன்.

"வேண்டாம்ண்ணே" என்றான் தம்பி. "புது வண்டி. மதினி வந்துருவாவ."

கல்லைக் கீழே போட்டேன். அவன் ஒரு தடவைதான் சொன்னான். இரண்டாம் தடவை சொல்லும்வரை நான் காத்திருக்கவில்லை. அப்போது என் நெஞ்சுக்குள் வந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

ஐந்தே முக்காலுக்கு அவள் கூப்பிட்டாள். இலஞ்சி விலக்கில் வண்டிகள் நிற்கின்றன, நகரவில்லை என்றாள். சனிக்கிழமைச் சாரலுக்கு ஊர்ப்பட்ட கூட்டம். அப்போதும் உடைத்திருக்கலாம். ஆனால் இவ்வளவு நேரம் பொறுத்தாயிற்று, இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்று மனது சொல்லியது. பத்து நிமிடம் கழித்தும் அதையே சொல்லியது. தம்பி ஈரத் துண்டோடு ஆட்டோவில் சாய்ந்து நின்று, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி என்ன என்று என்னைக் கேட்கவே இல்லை. சொல்ல என்னிடம் வாட்சும் இல்லை, அது காருக்குள் இருந்தது.

ஆறு இருபதுக்கு அவள் வந்தாள். ஆட்டோவைப் பாதியில் விட்டுவிட்டு மேட்டில் ஓடி வந்திருக்கிறாள். சேலைக் கரையெல்லாம் சேறு. மூச்சு வாங்கியதில் பேச முடியாமல் கையை மட்டும் நீட்டினாள். சாவியில் குங்குமம் அப்படியே இருந்தது.

தென்காசி ஸ்டேஷனில் ரயில் போய்விட்டிருந்தது. கடையநல்லூர் வரை விரட்டினோம். அங்கேயும் பிளாட்பாரம் காலி. எந்த ரயிலிலும் பஸ்ஸிலும் இடமில்லை. மறுநாள் கிடைத்த வண்டிகளில் மாறி மாறி ஏறி, ஒன்றரை நாள் பிந்திப் போய்ச் சேர்ந்தான்.

"என்னலே, எதும் சொன்னாவளா?" என்று போனில் கேட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணே. உள்ளதுதான்" என்றான்.

உள்ளது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. "எனக்கு முந்தி நாலு பேரு நிக்காவண்ணே" என்றான். அந்த ஒன்றரை நாள்தான் அவனை வரிசையில் பின்னுக்குத் தள்ளியதோ, வேறு காரணமோ, அவனும் சொல்லவில்லை. வேறு காரணமாக இருக்க வேண்டும் என்று நான் எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையை என் கையில்தான் கொடுத்தாள். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் போனுமாக நின்று அவனுக்குக் காட்டினேன். சிக்னல் விட்டுவிட்டு வந்ததில் பாதி நேரம் அவன் முகம் அசையாமல் நின்றது. மூன்றாம் மாதம் குழந்தையையும் தாயையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். சாயங்காலம் நான் கடை பூட்டி வரும் சத்தம் கேட்டாலே அது கையைக் காலை உதறும்.

இப்போது வீட்டில் மாற்றுச் சாவிகளுக்குப் பஞ்சமில்லை. கார்ச் சாவி ஒன்று கடையில் ஆணியில் தொங்குகிறது. பீரோவுக்குப் பூட்டே இல்லை. கதவு மூடாததால் மனைவி அதை ஒரு பழைய ரிப்பனால் கட்டி வைத்திருக்கிறாள். சரி பண்ணித் தருகிறேன் என்று சொன்னால், இருக்கட்டும் என்கிறாள்.

குழந்தைக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது தம்பிக்கு லீவு கிடைத்தது. காலை ரயிலில் வந்து தென்காசியில் இறங்கினான். அவன் மனைவியும் நானும் போயிருந்தோம். குழந்தை என் தோளில் இருந்தது. அவன் பையைக் கீழே போட்டுவிட்டு, பேண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினான். அது அவனை உற்றுப் பார்த்தது. பிறகு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நான் வலுக்கட்டாயமாகப் பிரித்து அவன் கையில் கொடுத்தேன். வீறிட்டு அழுதது. அவன் நெஞ்சில் கையை ஊன்றித் தள்ளிக்கொண்டு, என் பக்கமே சாய்ந்தது. பிளாட்பாரத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன் அப்பால்லா அது, அப்பால்லா, என்று அவன் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவன் பையைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தேன். பின்கதவைத் திறந்து வைத்தேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

பின்னாலேயே அவன் வந்தான். குழந்தை இன்னும் திமிறிக்கொண்டிருந்தது. "புது ஆளுல்லா, அதான்" என்று சிரித்தான். "நீங்களே வச்சுக்கோங்கண்ணே" என்று என்னிடம் நீட்டினான்.

வாங்கிக்கொண்டேன். என் தோளில் சாய்ந்த உடனே அதன் அழுகை நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் அழுதிருக்கக் கூடாதா என்று எனக்கு இருந்தது.