சில்லுப் பூட்டிய காடோ வீடு

ஜெர்மனியில், ஹனோவரில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் வரி ஆலோசகர். சனி, ஞாயிறுகளில் மட்டும் அவர் காடோ. அமெரிக்கப் பூர்வகுடிகளைப்போல உடுத்தி, ஊருக்கு வெளியே புல்வெளியில் கூடாரமடித்துத் தங்கும் ஒரு சங்கத்தில் அங்கத்தவர். மற்றவர்கள் எல்லோரும் இறகுத் தலையலங்காரத்துடன் குதிரை வீரர்கள். இவர் மட்டும், டெக்சாஸ், லூசியானாப் பக்கம் சோளமும் பூசணியும் பயிரிட்டு, அழகிய மட்பாண்டங்கள் செய்து, உயரமான புல்வீடுகளில் வாழ்ந்த காடோ மக்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

ஒரு கோடையில் கதவைத் தட்டினார்.

"நீங்கள் இந்தியர்கள். கூரை வேயத் தெரிந்திருக்கும்."

"நாங்கள் இலங்கை" என்றேன்.

"அப்படியானால் இன்னும் நல்லது."

நான் ஓட்டு வீட்டில் வளர்ந்தவள். கணவர் வளர்ந்தது சீமெந்து வீட்டில். ஆனால் அவர் அதற்குள் சம்மதித்துவிட்டார்.

"உங்களுக்குக் கூரை மேயத் தெரியுமோ?" என்று பிறகு கேட்டேன்.

"தெரியாது. அந்த மனுசன் பாவமெல்லே."

பல சனிக்கிழமைகள் புல்லோடு மல்லுக்கட்டி, தேன்கூடுபோல ஒரு வீட்டை எழுப்பினோம். உடனே நகரசபை அதிகாரி வந்தார். "இது கூடாரமா, வீடா?" கீழ்வீட்டுக்காரர் பெருமையாக "வீடு" என்றார். வீடென்றால் அனுமதிக்கு அன்ராக், அதாவது விண்ணப்பம், போட வேண்டுமாம். கூடாரத்துக்கும் வண்டிக்கும் தேவையில்லை. வேறு வழியின்றி, படகு ஏற்றி இழுக்கும் பழைய வண்டியொன்றின்மேல் வீட்டை ஏற்றினோம்.

சங்கத்தின் முகாம் விழாவுக்குக் கீழ்வீட்டுக்காரர் உண்மையான காடோ பெண்மணி ஒருவரை அழைத்திருந்தார். ஒக்லஹோமாக்காரி, பிராங்பேர்ட்டில் வேலை. நாங்கள் கோயிலிலிருந்து நேரே போயிருந்தோம். என் சேலையையும் கணவரின் வேட்டியையும் பார்த்த வாசல் காவலர், "அசல்!" என்று வியந்து உள்ளே விட்டார். பின்னால் வந்த பெண்மணி ஜீன்ஸும் நீல மழையங்கியும் அணிந்திருந்தார்.

"நவீன உடைக்கு அனுமதியில்லை."

"நான் காடோ."

"இருக்கலாம். ஆனால் விதி விதிதான்" என்று, குஞ்சம் வைத்த தோல் ஆடையொன்றை நீட்டினார். "வாடகைக்கு உண்டு."

பெண்மணி அதைத் திருப்பிப் பார்த்தார். "இது எங்களுடையது இல்லையே."

கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்து கெஞ்சினார். சங்கத் தலைவர், இறகுகள் ஆட, அவசரக் கூட்டம் கூட்டினார். அது முடிகிற மாதிரி இல்லை. அப்போது என் கணவர் தமிழில் சொன்னார்: "அவ உள்ளுக்கு வர ஏலாதெண்டா வீட்டை வெளியிலை கொண்டுபோவம். சில்லு இருக்கெல்லே."

தள்ளினோம். கூட்டத்தை விட்டுவிட்டு வீரர்களும் வந்து தள்ளினார்கள். வாசல் கம்பத்தில் உரசி ஒரு பக்கப் புல் உரிந்தது.

பெண்மணி வீட்டைச் சுற்றி வந்தார். "இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் எங்களை விரட்டினார்கள்" என்றார் ஆங்கிலத்தில். "அன்றைக்கு நாங்கள் நகர்ந்தோம், வீடு நின்றுவிட்டது." பிறகு சக்கரங்களைப் பார்த்துக் கண்ணீர் வரச் சிரித்தார்.

கீழ்வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, காடோக்களின் வான்கோழி நடனத்தை ஆடிக்காட்ட முடியுமா என்று கேட்டார்.

"இங்கே இல்லை. எங்கள் பெண்கள் சேர்ந்து ஆடுவது அது. எங்கள் பழைய சண்டைகளெல்லாம் அந்தப் பாட்டுகளில் இருக்கின்றன. பொழுது சாயுமுன் முடிப்போம். இந்தக் கோடையிலும் ஊரில் ஆடினோம். வந்து பாருங்கள். வேஷம் வேண்டாம்."

'இந்தக் கோடையிலும்' என்ற சொல்லைக் கேட்டதும் கீழ்வீட்டுக்காரர் புல்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய புத்தகங்களில் எல்லாம் காடோக்கள் 'வாழ்ந்தார்கள்' என்றே இருந்தது.

அதற்கடுத்த வருடம் ஒக்லஹோமா போனார். நடனம் எப்படி இருந்ததென்று மாடிப்படியில் கேட்டேன். முடியும்வரை நின்று பார்த்தாராம். அங்கே ஒரே ஒரு சங்கடம்தான் என்றார். பார்த்தவர்கள் எல்லோரும், ஜெர்மன்காரராமே, தோல் அரைக்காற்சட்டை எங்கே என்று கேட்டார்களாம். அது தெற்கே பவேரியாக்காரருடையது, நான் ஹனோவர்க்காரன் என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனாராம்.