ரேடாருக்கு இடம் பார்த்தவர்

2025 ஜனவரி 6 – பழைய ரேடார் ஒன்று, வயருடன் – ரூ. 72,000
ஜனவரி 11 – மூங்கில் கழி ஒன்று – ரூ. 180
ஜனவரி 19 – இட்லிக் குண்டான் ஒன்று – ரூ. 1,150
ஜனவரி 27 – குழாய், தகடு, வெல்டிங் – ரூ. 6,400
பிப்ரவரி 9 – மேற்படி குழாயை வெட்டிய கூலி – ரூ. 900

விருத்தாசலத்தில் கடல் கிடையாது. இருக்கிற மணிமுத்தாற்றிலும் வருஷத்தில் பாதி நாள் மணல்தான். அப்படிப்பட்ட ஊரில், பீங்கான் பேட்டைக்குப் பின்னால் இருக்கும் தெருவில், எழுபத்தொரு வயது பழமலைநாதன் தம் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் படகை நிறுத்தி வைத்து, அதில் ரேடாரை எங்கே மாட்டுவது என்று மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தார். வாழ்நாளில் அவர் கடலை நான்கு முறை பார்த்திருக்கிறார். நான்கு முறையும் முழங்காலுக்கு மேல் நனையவில்லை.

படகு அவருடையது அல்ல, மாப்பிள்ளை செந்தமிழனுடையது. மஸ்கட்டில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த காசில் இருபதடி ஃபைபர் படகு ஒன்றை வாங்கிக் கடலூரில் வைத்திருந்தார். தூண்டில் போட ஆசைப்பட்டு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவார். வருகிறவர்களைவிட விசாரித்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். அந்தச் சமயத்தில்தான் ஒரு கடல் ஆய்வுக் குழுவிலிருந்து கேட்டார்கள். ஒரு வருஷத்துக்குப் படகை மொத்தமாக எடுத்துக்கொள்வார்களாம். ஆனால் விடியுமுன்பே கிளம்பவேண்டும். பனியில் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது என்பதால் ரேடார் கட்டாயம். பிப்ரவரி 10 அன்று நேரில் வந்து பார்ப்பார்கள்.

ஒப்பந்தம் கிடைத்தால் செந்தமிழன் ஊரோடு இருப்பார். கிடைக்காவிட்டால் படகை விற்றுவிட்டு மறுபடி மஸ்கட். மகள் அன்புக்கரசி இதை அப்பாவிடம் ஒரே வரியில் சொன்னாள்: "இந்தத் தடவ அவரு போனாருன்னா ரெண்டு வருஷம் கழிச்சுதாம்ப்பா வருவாரு."

படகின் அடியில் அடைக்கவேண்டிய ஒரு கீறல் இருந்தது. மாமனார் வீட்டு வாசலில் இடம் இருந்தது, வாடகை கிடையாது. ரேடார் மாட்டும் வேலைக்குப் பக்கத்துத் தெருவில் காத்தவராயனின் வெல்டிங் பட்டறையும் இருந்தது. ஆகவே படகு சக்கரவண்டியில் ஏறி விருத்தாசலம் வந்து சேர்ந்தது. வந்த அன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது செந்தமிழன் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார்.

"ரேடாருக்கு எடத்த நீங்களே பாத்து சொல்லிடுங்க மாமா."

வழியில் பார்த்தவரிடம் "வூட்டுக்கு வாங்களேன்" என்று சொல்லிவிட்டுப் போவது போன்ற பேச்சு அது. வேறு யாராக இருந்தாலும் "அதுக்கென்ன மாப்ள" என்று தலையாட்டியிருப்பார்கள். பழமலைநாதன் பெட்டி படுக்கையோடு குடிவந்துவிட்டார்.

அவரிடம் வேறு எதிர்பார்க்கவும் முடியாது. பேட்டையில் மின்கம்பத்துப் பீங்கான் செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்தாறு வருஷம் அளவு பார்த்தவர். பச்சை மண்ணாக அச்சில் இருக்கும்போது ஓர் அளவு, சூளையில் வெந்து வந்தபின் ஓர் அளவு. இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அளக்க ஒன்றும் இல்லாமல் தண்ணீர்த் தொட்டியையும் வாசற்படியையும் அளந்துகொண்டிருந்தார். அப்படிப்பட்ட மனிதர் வாசலில் கடவுளாகப் பார்த்து ஒரு படகை நிறுத்தினால் என்ன ஆகும்?

முதலில் பார்த்த இடம் படகின் மூக்கு. "முன்னாடி வெச்சா பாக்க கெத்தா இருக்கும் மாமா" என்று செந்தமிழன் சொன்னதால் மட்டும் அதை இரண்டு நாள் பரிசீலித்தார். அலையில் முதலில் குத்துவது மூக்கு. தண்ணீர் அடிப்பதும் அங்கேதான். போதாததற்கு, ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக ரேடார் குண்டான் மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்த இடம் தள்ளுபடியானது. அடுத்தது, ஓட்டுகிறவர் தலைக்கு மேலே இருந்த சின்னக் கூரை. அதன் கால்கள் மெல்லிய குழாய். கையை வைத்து ஆட்டினால் கல்யாணப் பந்தல் மாதிரி ஆடியது. திசைகாட்டியும் அதன் கீழேயே இருந்தது. ரேடாரைப் பக்கத்தில் வைத்தால் திசைகாட்டி முள் பிசகும் என்று ரேடாரோடு வந்த புத்தகம் சொன்னது. அதுவும் தள்ளுபடி. மிஞ்சியது பின்பக்கம், மோட்டாருக்கு முன்னால் ஒரு கம்பம்.

கம்பம் என்றால் எவ்வளவு உயரம்? ரேடார் சுற்றிலும் கதிரை விசிறி மாதிரி வீசும். முன்னால் ஆள் நின்றால் ஆளுக்குப் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. நிற்கிற ஆளுக்கும் அது நல்லதில்லை. ஆகவே தலைகளுக்கு மேலே இருக்கவேண்டும். ரொம்ப மேலே போனால் படகு சாயும். அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய ரேடாரைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சோதிக்க மனம் வரவில்லை. அதே அகலத்தில் வீட்டில் இருந்த ஒரே பொருள் இட்லிக் குண்டான். அதை மூங்கில் கழியின் உச்சியில் கவிழ்த்துக் கட்டிப் படகில் நட்டார்.

"ஏங்க, நாளைக்கி காலையில இட்லிக்கு என்னா பண்றது?" என்றார் மனைவி சொர்ணாம்பாள்.

"உப்புமா."

"எத்தன நாளைக்கி?"

"ஆராய்ச்சி முடியிறவரைக்கும்."

பயணிகளுக்குப் பதிலாக சொர்ணாம்பாளையும் பால் ஊற்ற வந்த ஆராயியையும் படகில் நிற்கவைத்தார். குண்டானிலிருந்து எதிர்வீட்டு விளக்குக் கம்பம் வரை நூல் கட்டி, அது யார் தலையில் உரசுகிறது என்று பார்த்தார்.

"என்னா சார், படவுல இட்லிக் கடையா?" என்றாள் ஆராயி.

"பேசாம நில்லும்மா. நீ இப்ப ஆராய்ச்சியாளர்."

"ஆராய்ச்சியாளருக்கு நாலு வூட்டுக்குப் பாலு ஊத்தணும், சீக்கிரம் பாருங்க."

அடுத்த சிக்கல் வேகம். மோட்டார் படகு வேகம் எடுத்தால் மூக்கைத் தூக்கும். மூக்கு தூக்கினால் பின்னால் இருக்கும் ரேடார் வானத்தைப் பார்க்கும். எதிரே படகு வந்தால் தெரியாது, கொக்கு பறந்தால் தெரியும். இதைச் சோதிக்க ஜாக்கி வைத்து வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தினார். நூல் எவ்வளவு மேலே போகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது குண்டான் கழியிலிருந்து கழன்று, படகில் ஒரு முறையும் தரையில் ஒரு முறையும் மோதி, கேட்டைத் தாண்டிப் போய் நின்றது. உப்புமா நிரந்தரமாகிவிடுமோ என்ற பயத்தில் சொர்ணாம்பாளே கடைக்குப் போய்ப் புதுக் குண்டான் வாங்கிவந்தார். ஆனாலும் விடை கிடைத்துவிட்டது: ரேடாரின் பின்பக்கம் ஓர் ஆப்பு வைத்து, அது லேசாக முன்னால் குனிந்தபடி இருக்கவேண்டும்.

உயரமும் முடிவானது. கடலூரில் படகுத்துறையிலிருந்து கடலுக்குப் போகும் வழியில் தாழ்வான ஒரு பாலம் உண்டு. ஓதத்தில் தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்திலும் அதன் கீழே புகுந்து போகவேண்டும். தலைகளுக்கு மேலே, பாலத்துக்குக் கீழே என்று கூட்டிக் கழித்தால் குழாய் சரியாக இரண்டாயிரம் மில்லிமீட்டர். எஃகுக் குழாய்க்கு அளவு எழுதிக் காத்தவராயனிடம் கொடுத்தார். அவன் சீட்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தலையைச் சொறிந்துவிட்டு உள்ளே போனான். குழாய் வந்ததும் பழமலைநாதன் சீட்டை ஒரு கையிலும் டேப்பை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு சரிபார்த்தார். ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. சீட்டின் ஓரத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை, மினி லாரி படகை இழுத்துக்கொண்டு கடலூருக்குக் கிளம்பியது. டிரைவருக்குப் பக்கத்தில் பழமலைநாதன். பின்னால் பைக்கில் செந்தமிழன். ரயில்வே சப்வே வந்தது. அதன் வாயில் மஞ்சள் கறுப்புப் பட்டை அடித்த உயரத் தடுப்பு. அதையும் அவர் முன்பே கணக்கில் எடுத்திருந்தார். ரேடாருக்கும் தடுப்புக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கவேண்டும்.

"தாராளமா போவும், வுடுப்பா" என்றார்.

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று பின்னாலிருந்து செந்தமிழனின் குரல் கேட்டது. லாரி நின்றபோது ரேடாருக்கும் அதற்கு நேரெதிரே இருந்த தடுப்பு இரும்புக்கும் நடுவே நாலு விரற்கடைதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் உருண்டிருந்தால் எழுபத்திரண்டாயிரம் ரூபாய் தார் ரோட்டில் கிடந்திருக்கும்.

பின்னால் ஸ்ரீமுஷ்ணம் பஸ் வந்து நின்றது. அதன் பின்னால் பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "யோவ், கப்பல எதுக்கு ரயிலுக்கு அடியில வுடுறீங்க?" என்றார்.

பழமலைநாதன் டேப்போடு இறங்கினார். ரயில்வேக்காரர்கள் பலகையில் உயரத்தைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்பது அவருடைய முதல் தீர்ப்பு. கழியில் டேப்பைக் கட்டி அளந்தார். பலகை சரி. ரோட்டின் மேல் புதுத் தார் போட்டிருப்பார்கள். அப்படி ஒன்றும் தெரியவில்லை. வண்டி டயரில் காற்று அதிகம் என்றார். டிரைவர் டயரை ஒரு உதை உதைத்துக் காட்டினார். காற்று குறைவாகத்தான் இருந்தது. சந்தேகப்பட வேறு யாரும் இல்லாத நிலையில்தான் குழாயை அளந்தார்.

இரண்டாயிரத்து இருநூற்று எழுபத்து மூன்று.

அந்த எண்ணைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. களிமண் சூளையில் நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கும். சுட்டபின் இரண்டாயிரம் வேண்டுமென்றால் அச்சில் இரண்டாயிரத்து இருநூற்று எழுபத்து மூன்று இருக்கவேண்டும். முப்பத்தாறு வருஷம் எந்த அளவு கேட்டாலும் சுருக்கத்தைச் சேர்த்து எழுதிப் பழகிய கை, எஃகுக் குழாய்க்கும் சேர்த்து எழுதிவிட்டது. எஃகு சுருங்காது. பேட்டையில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் இது தெரியும்.

செந்தமிழன் பக்கத்தில் வந்தார். மாமனாரைக் குறை சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "வெல்டர் தப்பா வெட்டிட்டாரு போலக்குது மாமா. வுடுங்க, கழட்டிப் படுக்க வெச்சி எடுத்துட்டுப் போயிடலாம்" என்றார்.

நல்ல வழிதான். தலையாட்டினால் போதும், பழி காத்தவராயன் மேல் போய்விடும். ஆனால் நாளை காலை, பார்க்க வந்தவர்கள் படகில் இருக்கும்போதே, கடலூரின் அந்தத் தாழ்வான பாலம் ரேடாரைப் பிடுங்கிக்கொள்ளும். இன்றே வெட்டவேண்டும். எவ்வளவு வெட்டுவது என்று சொல்லவேண்டுமானால் ஏன் என்றும் சொல்லவேண்டும். கண்டக்டர் வேறு கீழே இறங்கி வந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

"இல்லீங்க மாப்ள. அவன் சரியாத்தான் வெட்டுனான். நாந்தான் மண்ணுக்கு எழுதுற மாதிரி எழுதிட்டேன். பாலத்துல இடிக்கும். இருநூத்தி எழுபத்தி மூணு எடுக்கணும்."

செந்தமிழன் குழாயை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "பரவால்லீங்க மாமா" என்றார். அதற்குப் பதில் ஒரு திட்டு திட்டியிருந்தால் பழமலைநாதனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பட்டறைக்குத் திரும்பியதும் அந்தக் குறையைக் காத்தவராயன் தீர்த்துவைத்தான். பாதி ஷட்டரைத் தூக்கி, குழாயின் அடித்தகட்டை அறுத்துக்கொண்டே சொன்னான்: "நான் அன்னிக்கே கேக்கலாம்னுதான் பாத்தேன் சார். கேட்டா நீங்க ரெண்டு மணி நேரம் வெளக்குவீங்களேன்னு வுட்டுட்டேன்."

வீட்டுக்குச் செய்தி போனது. சொர்ணாம்பாள் மகளிடம் ஃபோனில் சொன்னார்: "ஜன்னல் தெரைக்கும் இந்த மனுசன் இப்படித்தான் அளவு குடுத்தாரு. இன்னும் ஒரு மொழம் தரையில கெடக்குது. படவையாவது வுட்டு வெப்பாருன்னு பாத்தேன்."

மறுநாள் இருட்டோடு கடலூரில் படகு கிளம்பியது. ஆய்வுக் குழுவிலிருந்து வெண்பா என்ற பெண் அதிகாரி வந்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பழமலைநாதனை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே ஏறி உட்கார்ந்துகொண்டார். பாலத்தின் கீழே போகும்போது கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் இடிக்கவில்லை. கழிமுகம் தாண்டியதும் செந்தமிழன் வேகம் கூட்டினார். மூக்கு தூக்கியது. ரேடாரின் திரையில் தூரத்து மிதவையும் ஒரு மீன்பிடிப் படகும் புள்ளியாக நின்றன, மறையவில்லை. ஆப்பு வேலை செய்தது. இந்த வெற்றியை அவரால் பார்க்க முடியவில்லை. படகின் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது விடிந்துவிட்டது. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த வெயில் நேராகத் திரையில் விழுந்தது. வெண்பா குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். தெரிந்தது அவர் முகம் மட்டும்தான்.

"திரை இங்க இருக்கணும்னு யாரு முடிவு பண்ணது?" என்று கேட்டார்.

யாரும் முடிவு பண்ணவில்லை. அதுதான் விஷயம். பழமலைநாதன் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ரேடார எங்க வெக்கலாம்னு மூணு வாரம் பாத்தம்மா. அதுல தெரியிறத எங்கேந்து பாக்கறதுன்னு பாக்கல."

வெண்பா சிரிக்கவில்லை. நிறைய எழுதினார். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கமும் எழுதினார். கரை சேர்ந்ததும் "சொல்லி அனுப்புறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி அப்படியே போனது. மஸ்கட்டிலிருந்து பழைய கம்பெனி ஏஜெண்டு இரண்டு முறை கூப்பிட்டார். செந்தமிழன் இரண்டு முறையும் ஒரு வாரம் டைம் கேட்டார். அன்புக்கரசி அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்துப் பீரோவில் வேறு தட்டில் வைத்தாள். கேட்டால் அங்கே பூச்சி என்றாள். பழமலைநாதன் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குக் கேட்டருகே எதையாவது துடைத்துக்கொண்டு நின்றார்.

"முப்பத்தாறு வருஷம் அடுத்தவங்க செஞ்சத நல்லா இல்ல, நல்லா இல்லன்னு ஒடச்சிப் போட்டீங்க. இப்ப ஒரு பொண்ணு ரெண்டு பக்கம் எழுதுனதுக்கு வூட்டுக்குள்ளயே வர மாட்றீங்க" என்றார் சொர்ணாம்பாள்.

அவர் கேட்டின் தாழ்ப்பாளைத் துடைத்தார். ஒதுக்கிய பீங்கான்களைச் செய்தவர்கள் இப்படித்தான் பட்டறை வாசலில் நின்றிருப்பார்கள் என்று முதன்முதலாக அவருக்குத் தோன்றியது.

கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. செந்தமிழன் பெயருக்கு, படகு நின்ற விலாசம் என்று இந்த வீட்டு விலாசத்துக்கே. பழமலைநாதன் பிரிக்கவில்லை. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஃபோன் செய்து, அவர்கள் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்புக்கரசி நின்றபடியே பிரித்துப் படித்தாள். ஏப்ரல் முதல் ஒரு வருஷத்துக்குப் படகை எடுத்துக்கொள்கிறார்கள். முதல் நிபந்தனை, திரைக்கு மேலே வெயில் மறைப்பு. மறைப்பின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அவர்களே எழுதியிருந்தார்கள். அளவெடுக்கும் வேலை யாருக்கும் இல்லை. அவள் கடிதத்தைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி மூலையில் விட்டாள்.

கடிதம் வந்தது 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை.