செம்பரம்பாக்கத்தில் நான் எடுத்த படம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழு வயது மகளுக்கு ஏரியைக் காட்டச் செம்பரம்பாக்கம் போயிருந்தேன். கரையில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் தானாகவே வந்து பேசினார்.

"இங்க தண்ணி மட்டுந்தாம்மா கீது. குடோனுக்குப் பின்னால ஒரு குட்டை கீது, நாரைங்க நெறைய வந்துகீது. வாங்க, காட்டறேன்."

காசு வேண்டாம் என்று அவர் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்தது. மகள் அடம்பிடித்ததால் அவர் பின்னால் நடந்தேன். ஆள் நடமாட்டமே இல்லாத பாதை. ரகசியமாக அவரைப் படமெடுத்து, "பிள்ளை பிடிக்கிறவன் போலிருக்கிறது, ஜாக்கிரதை" என்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

குட்டை நிறைய நாரைகள். மகளுக்கு மறைக்காதபடி அவர் முட்புதரை விலக்கிப் பிடித்தார். கையில் ரத்தம் கசிந்தது.

"நல்லா பாரு கண்ணு, நா புடிச்சிகினு கீறேன்."

வெட்கத்துடன் குழுவிலிருந்து படத்தை அழித்தேன்.

அடுத்த வாரம் போனபோது அவர் இல்லை. டீக்கடை அம்மாவிடம் விசாரித்தேன்.

"அவுரு போட்டோ எல்லார் போன்லயும் வந்துச்சும்மா. நாலு பேரு சேந்து அடிச்சிட்டானுங்க. ஊட்ட வுட்டே வர்றதில்ல."

அவர் வீட்டுக்கு வழி கேட்க எனக்கு வாய் வரவில்லை. படமெடுத்தது நான்தான் என்பதை இன்றுதான் முதல்முறையாகச் சொல்கிறேன், அதுவும் அவரிடம் அல்ல.