இஸ்திரியின் ஓரக் குறிப்புகள்

என் தம்பிக்கு ஆபீஸில் இஸ்திரி என்று பெயர். வைத்தவள் நான்தான். ஜெர்மன் கம்பெனிகளின் விளம்பர வாசகங்களை நல்ல இங்கிலீஷில் மாற்றிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. சில கம்பெனிகள் தாங்களே இங்கிலீஷில் ஒரு முயற்சி செய்து, அதையும் சேர்த்து அனுப்பி வைக்கும். அதெல்லாம் மூட்டையிலிருந்து எடுத்த சட்டை மாதிரி கசங்கிக் கிடக்கும். தம்பி ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும், கடையில் தொங்கவிடலாம்.

"உங்கள் முதுகு எங்கள் இதயத்தின்மேல் படுத்திருக்கிறது" என்று ஒரு நாற்காலிக் கம்பெனி எழுதியிருந்தது. ஜெர்மனில் அது ஒழுங்கான பேச்சுதான். உங்கள் முதுகைப் பற்றி எங்களுக்கு அக்கறை உண்டு என்று பொருள். வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் போட்டால் ஆஸ்பத்திரி கேஸ் ஆகிவிடுகிறது. தம்பி அதை நாலே வார்த்தையில் முடித்தான். படித்தால் யாரோ நம்மை விசாரிப்பது போல இருந்தது.

அவன் ஒன்றும் பெரிய படிப்புப் படித்தவனில்லை. மெஷின் இறக்குமதி செய்கிற ஓர் இடத்தில் ஸ்டோர் ரூமில் வேலை பார்த்தான். மெஷினோடு வந்த கையேடுகளெல்லாம் ஜெர்மனில் இருந்தன, வாசிக்க ஒருவரும் இல்லை. மாலை வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டான். நான் டயர் கடைக்கு மேலே இந்த ஆபீஸைத் திறந்தபோது அவனை இழுத்துப்போட்டுக்கொண்டேன். மேஜை, நாற்காலி, பேப்பர் எல்லாவற்றிலும் ரப்பர் வாடை அடிக்கும். அவனுக்கு அது உறைக்கவே உறைக்காது.

தேய்ப்பது அவனுக்குத் தொழில் மட்டும் இல்லை, பிறவிக் குணம். என் வீட்டுக்காரருக்கும் அவனுடைய மாமனாருக்கும் ஏழாம் பொருத்தம். "அந்த ஆள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்" என்று இவர் கத்துவார். அது தம்பி வாய் வழியாகப் போய்ச் சேரும்போது, "மச்சானுக்கு வேலை ஜாஸ்தி, ஒழிஞ்சப்புறம் வர்றேன்னார்" என்று ஆகிவிடும். இப்படியே எங்கள் குடும்பம் உடையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தம்பி பொண்டாட்டி ஒரு தரம் என்னிடம் சொன்னாள், "அண்ணி, இவர் என்கிட்ட ஒரு நாளாவது சண்டை போட்டா நிம்மதியா இருக்கும். மனசுல என்ன இருக்குன்னே தெரிய மாட்டேங்குது."

மனசில் இருந்தது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஃபைலின் ஓரத்துக்குப் போனது.

அவன் மொழிபெயர்ப்பான், நான் சரிபார்ப்பேன். சந்தேகம் இருந்தால் வரிக்குப் பக்கத்தில் தமிழில் குறிப்பு எழுதுவான். போகப் போக அங்கே சந்தேகம் குறைந்து கேலி கூடியது. வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் அந்தக் குறிப்புகளை உரக்கப் படிப்பது ஆபீஸ் வழக்கமே ஆகிவிட்டது. டிசைன் பார்க்கிற பெண் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். அதற்காகவே ஒவ்வொரு வேலைக்கும் தம்பி இரண்டு ஃபைல் வைத்திருப்பான். குறிப்பெல்லாம் நீக்கின சுத்தமான ஃபைல் கம்பெனிக்கு, குறிப்போடு இருப்பது எங்களுக்கு.

நாற்காலிக் கம்பெனிக்கு எழுதுகிற அம்மாள் அந்த முதலாளியின் அக்கா. அங்கேயும் அக்கா தம்பி கூட்டணிதான். வயதானவர். ஒவ்வொரு வாசகத்துக்கும் தானே ஓர் இங்கிலீஷும் எழுதி, "தயவுசெய்து அழகுபடுத்தவும்" என்று கேட்டு அனுப்புவார். எங்களுக்கு வருகிற கடிதங்களில் 'தயவுசெய்து' இருப்பது அவருடையதில் மட்டும்தான்.

அந்தத் திங்கட்கிழமை அவரிடமிருந்து பதில் வந்தது. மொழிபெயர்ப்புக்கு நன்றி, ஓரத்தில் இருக்கும் குறிப்புகளுக்கும் நன்றி, அவற்றைப் பற்றி வீடியோவில் பேசலாமா என்று கேட்டிருந்தார்.

தம்பி படித்தான். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"எந்த ஃபைலைடா அனுப்பின?"

"அக்கா..."

"எதைடா அனுப்பின?"

"நம்ம ஃபைலை."

நான் அதைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை சிரித்துச் சிரித்துக் கேட்ட வரிகளை அந்த அம்மாளின் கண்ணால் படிக்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அவங்களுக்குத் தமிழ் எங்க தெரியப் போவுது. எதோ வேலை சம்பந்தமான குறிப்புன்னு நினைச்சிருப்பாங்க" என்றான்.

"அப்படியே இருக்கட்டும். கேட்டா என்ன சொல்லுவ?"

கம்பெனி கையை விட்டுப் போகுமே என்று நான் பயந்தேன். அவனுக்கு அந்தப் பயம் இல்லை. அந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒன்றுதான் அவனைத் தின்றது. டாய்லெட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தான், மறுபடியும் போய்க் கழுவினான்.

மறுநாள் அந்த அம்மாள் வீடியோவில் பேசினார். கேமராவில் தெரியாதபடி நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். திரையில் நரைத்த முடி, நீலச் சட்டை, கையில் பேனா. எதிரே எங்கள் ஃபைலை அச்செடுத்து வைத்திருந்தார்.

"உங்கள் குறிப்புகளை என்னால் வாசிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்" என்றார். "முதுகு, இதயம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?"

அவன் எழுதியிருந்தது: "அம்மா, முதுகைக் கொஞ்சம் நகர்த்துங்க, மூச்சு முட்டுது."

"இந்த வரிக்குக் கொஞ்சம் காற்றோட்டம் தேவை என்று எழுதியிருக்கிறேன்" என்றான். குரல் பிசிறவில்லை.

அவர் எழுதிக்கொண்டார். "உட்காருவதையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற இடத்தில்?"

"இதுக்கும் டியூஷன் வைக்கணுமா?" என்பது குறிப்பு.

"வாசிப்பவருக்கு வழிகாட்டுகிற தொனி இருக்கிறது என்று..."

"நல்லது. ஏழாம் மேகத்தில் அமர்ந்தது போல?"

ஜெர்மன்காரர்களுக்கு ஏழாம் மேகம் என்றால் பேரானந்தம். குறிப்பில் இருந்தது: "மத்த ஆறு மேகமும் வாடகைக்குப் போயிடுச்சா?"

"அந்தப் படிமத்தை இன்னும் விரிக்கலாம் என்று எழுதினேன்" என்றான்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. என் கூடப்பிறந்தவன் என் கண் முன்னே தன் அசிங்கத்தையே தேய்த்து மடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அந்த அம்மாள் மதிப்பெண் போடுகிற மாதிரி பொறுமையாக எழுதிக்கொள்கிறார். "போதும்டா" என்று அவன் காலை மிதித்தேன். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"கடைசியாக ஒன்று" என்றார். "உங்களை அணைத்துக்கொள்ளும் நாற்காலி."

அது மோசமான குறிப்பு. அதைப் படித்தபோதுதான் டிசைன் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "எழுதின அம்மாவைக் கட்டிப்பிடிக்க ஒரு ஆம்பளையும் வரலை போல, நாற்காலியாவது பிடிக்கட்டும்னு ஏங்குறாங்க" என்று எழுதியிருந்தான்.

"எழுதியவரின் அன்பு... நாற்காலியில் தெரிகிறது என்று எழுதியிருக்கிறேன்" என்றான்.

அவர் அதை எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"மிக அழகான ஆங்கிலம். என் வாக்கியங்களை எவ்வளவு நன்றாக மாற்றுவீர்களோ, உங்களுடையவற்றையும் அவ்வளவு நன்றாக மாற்றிவிட்டீர்கள்" என்றார். கோபமே இல்லாத குரல். "ஃபைல் வந்த அன்றே எல்லாவற்றையும் மொழிபெயர்க்கும் மெஷினில் போட்டுப் பார்த்தேன். மேகத்தைப் பற்றியது எனக்கே சிரிப்பு வந்தது. கடைசிக் குறிப்பை மட்டும் வேறொரு மெஷினிலும் போட்டேன். மெஷின்கள் நிறையத் தப்புச் செய்யும் என்று நீங்கள்தானே எனக்கு எழுதினீர்கள்? அதனால்தான் உங்களிடமே கேட்கலாம் என்று கூப்பிட்டேன். கடைசியை மட்டும் உள்ளபடி சொல்வீர்களா?"

தம்பி என்னைப் பார்த்தான். சின்ன வயசில் எதையாவது உடைத்துவிட்டு என்னைப் பார்க்கிற அதே பார்வை. அப்போதெல்லாம் பழியை நான் ஏற்றுக்கொள்வேன். இதை எப்படி ஏற்பது? வார்த்தை அவனுடையது. சிரித்ததில் பங்கு எனக்கு உண்டு. அந்த வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன்.

அவன் சொன்னான். தேய்க்கவில்லை, திருப்பவில்லை, ஒரு வார்த்தையையும் விடவில்லை. நாற்காலி, ஆம்பளை, ஏக்கம் எல்லாம் தமிழில் எந்த வரிசையில் கிடந்ததோ அதே வரிசையில் இங்கிலீஷில் வந்து விழுந்தது. அவ்வளவு கோணலான இங்கிலீஷை அவன் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அந்த அம்மாள் தன் காகிதத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் எதிர்பார்த்தது வேறு ஏதோ என்று அந்த முகத்தில் தெரிந்தது.

"அப்படியென்றால் மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது" என்றார்.

தம்பி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். அவனுக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் ஒரு வார்த்தை வரவில்லை.