கராம்பு வாடை

மூடியைத் திருகித் திறந்து போத்தலின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள் மஸீனா. கண்ணாடி இன்னும் சுட்டது. உள்ளே, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் சீவல்கள். ஒரு மணி நேரம் சூடேற்றி எடுத்திருந்தார்கள். ஒருமுறைதான் மூச்சை இழுத்தாள். போதும்.

கராம்பு.

"என்ன, தவமா?" என்றான் சுப்பவைசர் சசிக்குமார். "உனக்குத்தான் மூக்கே இல்லையே. ஒரு ஆள் குறையுதுன்னு கூப்பிட்டேன். வெள்ளை மூடியப் போட்டுட்டுத் தொட்டிக்குப் போ."

இரத்தோட்டைக்குப் போகும் வீதியில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் பழைய தண்ணீர்ப் போத்தல்களை அரைத்துச் சீவலாக்கிக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கே அது கேக் வைத்து விற்கிற கண்ணாடி மாதிரியான பெட்டியாகும். சாப்பாடு படுகிற பெட்டி. அதனால் ஒவ்வொரு தொகுதியையும் மூன்று பேர் தனித்தனியே மணந்து பார்க்க வேண்டும். நல்லதென்றால் தகரப்பேணிக்குள் வெள்ளை மூடி, கெட்டதென்றால் சிவப்பு. ஒரு சிவப்பு விழுந்தாலும் தொகுதி நிற்கும். மாத்தளையில் எந்த வீட்டிலும் தண்ணீர்ப் போத்தலுக்குத் தண்ணீரோடு வேலை முடிவதில்லை. மண்ணெண்ணெய் வாங்கப் போகும். கராம்பு எண்ணெய் வடிக்கிறவர்களும் அதில்தான் ஊற்றி விற்பார்கள். கண்ணுக்கு எல்லாப் போத்தலும் ஒன்றுதான். மூக்குதான் பிரிக்க வேண்டும்.

அப்படி ஒரு மூக்கு மஸீனாவுக்கு இருந்தது. புருசன் மௌத்தானபின் பஸ் நிலையத்தில் போத்தல் பொறுக்கித் திரிந்தவள். மூடியைத் திறக்காமலே, போன வாரம் அதில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுவாள். அதைப் பார்த்துத்தான் முதலாளி ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் அவளைக் கூட்டிவந்து மணக்கும் மேசையின் முதல் நாற்காலியில் உட்காரவைத்தார்.

மூன்று வருடத்துக்கு முன், மாதக் கணக்கை நிரப்பும் அவசரத்தில், கலேவெலயிலிருந்து வந்த ஒரு லொறிப் போத்தலைச் சசிக்குமார் மேசைக்கே அனுப்பாமல் அரைக்கப் போட்டான். மண்ணெண்ணெய் நாற்றத்தோடு சரக்குத் திரும்பி வந்தது. "கொரோனாவுக்குப் பொறகு மஸீனாக்காவுக்கு மணம் தெரியிறதில்ல ஹாஜியார். சொல்ல வெக்கப்பட்டு மறைச்சிட்டாங்க" என்றான். காய்ச்சல் வந்தது உண்மை. ஐந்து நாள் மணம் தெரியாமல் இருந்ததும் உண்மை. அதனால் மற்றதையும் நம்பினார்கள். அவளைப் போத்தல் கழுவும் காரச் சோடாத் தொட்டிக்கு அனுப்பினார்கள். நாற்காலி போனது.

பெயரும் போனது. கலியாண வீட்டில் சோறு அடிப்பிடித்தபோது மைனி சொன்னாள்: "அவக்கிட்டக் கேக்காதீங்க, அவவுக்கு மூக்குல வெச்சாலும் மணம் தெரியாது." எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். சோடா நகக்கண்களைத் தின்றது. ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் மற்றவர்களுக்காகக் கேட்டதெல்லாம் போக, கடைசியில் ஒன்றைக் கேட்பாள். அவன் விழ வேண்டும். தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது போத்தல் அவள் கையில் இருந்தது.

மற்ற இருவரும் ஏற்கெனவே வெள்ளை போட்டிருந்தார்கள். அவர்கள்மீது பிழையில்லை. தயாளினியும் மற்றவளும் இரத்தோட்டைக்காரிகள். கராம்பு பறிக்கிற காலம். விடியமுன் காம்பு கிள்ளிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். முற்றத்தில் கராம்பு, கூந்தலில் கராம்பு, சோற்றுப் பார்சலிலும் கராம்பு. அந்த மாதத்தில் அவர்களுக்குக் கராம்பு என்பது வெறும் காற்று. சசிக்குமாரும் அந்த ஊர்தான். அவன் சேர்ட்டிலேயே அடித்தது.

கராம்பு நஞ்சில்லை, யாரும் சாகமாட்டார்கள், மண்ணெண்ணெயாக இருந்தால் சிவப்பைத்தான் போட்டிருப்பேன் என்று மஸீனா தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு இரண்டு மூடிகளையும் மேசையிலேயே வைத்தாள்.

"நான் போட மாட்டேன் சேர். மூக்கில்லாதவ போட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். நீங்களே மணந்து பார்த்துப் போடுங்க. உங்க மூக்கு நல்ல மூக்கு."

தயாளினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது அவனை உசுப்பிவிட்டது. போத்தலைப் பறித்து, வீட்டுக்காரன் குழம்பு ருசி பார்ப்பதுபோல நீளமாக இழுத்தான்.

"தண்ணி மாதிரி இருக்கு. பார்த்துக்க, இதுதான் மூக்கு."

வெள்ளை மூடி பேணிக்குள் விழுந்தது. பதிவுப் புத்தகத்தில் மூன்றாவது பெயராகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் வைத்தான். மஸீனா தொட்டிக்குப் போனாள். அன்று சோடா எரியவில்லை.

பதினோராம் நாள் லொறி திரும்பி வந்தது. பெட்டி நிறைய வெண்ணெய்க் கேக் வைத்த பேக்கரிக்காரன், எல்லாவற்றிலும் பல்வலி மருந்து மணக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தான். கொழும்புக்காரர்கள் கடிதம் கொடுத்திருந்தார்கள். இனிச் சாப்பாட்டுப் பெட்டிக்கு இங்கிருந்து சீவல் வேண்டாம்.

ஹாஜியார் மேசைமுன் எல்லோரையும் நிறுத்தினார்.

"மஸீனாக்காதான் அன்னைக்கு மணந்தாங்க," என்று தொடங்கினான் சசிக்குமார்.

ஹாஜியார் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பினார். "இது யாருட கையெழுத்து?"

அவன் புத்தகத்தை மூடப் போனான். ஹாஜியார் அதன்மேல் கையை வைத்தார்.

"அந்த மண்ணெண்ணெய் லொறியும் இப்பிடித்தானா?"

"அது மேசைக்கே வரல்ல ஹாஜியார்," என்றாள் மஸீனா. "அன்னைக்கே சொன்னேன். மூக்கில்லாதவ பேச்சுன்னு விட்டுட்டீங்க."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். சாவிக் கொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சசிக்குமாரைப் போகச் சொன்னார்.

வாசலில் அவன் அவளை மறித்தான். முதல்முறையாக அவளிடம் நேரில் மரியாதையாகப் பேசினான். "அக்கா, உங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சிச்சு. என்னா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. எனக்குப் புள்ளைங்க இருக்கு."

"எனக்கு எப்பிடிங்க சேர் தெரியும்?" என்றாள். "நீங்கதானே ஊருக்கெல்லாம் சொன்னீங்க."

அவன் பாதை இறங்கிப் பஸ் நிறுத்தம்வரை போவதை அவள் நின்று பார்த்தாள். பஸ் வர நேரமானது. அதுவரைக்கும் நின்றாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மணக்கும் மேசையைக் களஞ்சியத்துக்கு நகர்த்தினார்கள். நாற்காலிகள் மூன்றும் அதன்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டன. இனிச் சீவல் வீடு கூட்டும் தும்புத்தடி செய்கிறவர்களுக்குப் போகும், அதற்கு மூக்குத் தேவையில்லை என்றார் ஹாஜியார். மஸீனாவைப் பார்க்காமல்தான் சொன்னார். தயாளினிக்கும் மற்றவளுக்கும் கையுறை கொடுத்துத் தொட்டிக்கு அனுப்பினார்கள். நகத்தில் எரிகிறது என்று தயாளினி பத்து மணிபோலச் சொன்னாள். மஸீனா தேங்காயெண்ணெய் பூசச் சொன்னாள். நான்கரைக்கு வேலை முடிந்தது. மழை தூறியது. மூவரும் ஒரே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.