மீன் இல்லாத கொக்கு

திருச்சி கோர்ட்டில் என்னை 'லேபிள் வக்கீல்' என்றுதான் சொல்வார்கள். மற்றவர்களுக்குக் கொலை, கொள்ளை, பங்காளிச் சண்டை என்று கம்பீரமான வழக்குகள் வரும். எனக்கு வருவது பல்பொடி, மூக்குப்பொடி, ஊதுவத்தி. என் டப்பாவில் இருக்கிற படத்தை அவன் திருடிவிட்டான் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து நிற்பார்கள். "என்ன ஓய், இன்னிக்கு எந்தப் பல்பொடிக்குத் தூக்கு வாங்கிக் கொடுத்தீர்?" என்று பார் ரூமில் கேட்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அந்த வயதில் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் என்னிடம் இருந்த பெரிய வழக்கு ஒரு பெருங்காய வழக்கு. கட்சிக்காரர் ஓர் அம்மாள். வையம்பட்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். புருஷன் ஆரம்பித்த பெருங்காயத் தொழிலை, அவர் காலமான பிறகு, மலைக்கோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் தனியாக நடத்திக்கொண்டிருந்தார். மஞ்சள் டப்பா. அதன்மேல் வாயில் மீனைக் கவ்விக்கொண்டு நிற்கும் கொக்கு. கடையில் போய் 'கொக்கு மார்க்' என்றால் போதும், எடுத்துக் கொடுப்பார்கள்.

நன்றாக ஓடுகிற சரக்கு என்றால் ஊர் பொறுக்குமா? பெரிய கடைத்தெரு வியாபாரி ஒருவர் அதே மஞ்சள் டப்பாவில், அதே கொக்கைப் போட்டுச் சந்தையில் இறக்கிவிட்டார். ஒரே வித்தியாசம், அவருடைய கொக்கின் வாயில் மீன் இல்லை. டப்பாவுக்குள்ளேயும் மைதா இருந்த அளவுக்குப் பெருங்காயம் இல்லை. ஆனால் கடைக்காரர்களுக்கு லாபம் அதிகம் கிடைத்தது. கொக்கு மார்க் கேட்டு வருகிறவர்களுக்கு அதையே தள்ளிவிட்டார்கள்.

"கொக்கு போச்சுன்னா நான் ஊருக்குத்தான் போகணும்யா" என்றார் அந்த அம்மாள் முதல் நாளே. "அண்ணன் வான்னுதான் சொல்லும். ஆனா அண்ணி கையால சோறு வாங்கித் திங்கிறதுக்குக் காவேரியில விழுந்துடலாம். பாத்துச் செய்யுங்க."

பார்த்துச் செய்வதற்கு எனக்கு ஒரே ஒரு சாட்சி வேண்டியிருந்தது. 'கொக்கு மார்க்' என்று கேட்ட ஒருவருக்கு, அவருக்குத் தெரியாமல், மீன் இல்லாத கொக்கைக் கொடுத்தார்கள் என்று காட்ட வேண்டும். பாம்பே, கல்கத்தாவில் இதற்கென்று ஆளை அனுப்பி டப்பா வாங்கிவரச் சொல்வார்கள். திருச்சியில் யாரை அனுப்புவது? என் குமாஸ்தா போனார். "வக்கீல் வீட்டுக்கா? இருங்க, நல்ல சரக்காத் தரேன்" என்று மீன் கொக்கைக் கொடுத்துவிட்டான் கடைக்காரன். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் மைத்துனனை அனுப்பினேன். எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டு மாப்பிள்ளை என்று விசாரித்துக் கடைசியில் உறவுமுறையே கண்டுபிடித்துவிட்டார்கள். அவனுக்கும் மீன் கொக்குதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரையே ஏமாற்றுகிற பயல்கள், நான் ஏமாறத் தயாராக இருக்கும்போது ஏமாற்ற மாட்டேன் என்கிறார்களே!

இந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியிலிருந்து ஒரு வக்கீல் வந்து சேர்ந்தார். இங்குள்ள டிரேட்மார்க் வக்கீல்கள் அங்கே போய்ப் பார்ப்பதும் அங்குள்ளவர்கள் இங்கே வந்து பார்ப்பதுமாக அப்போது ஓர் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மெட்ராஸில் எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர், சின்ன ஊரில் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டாராம். என் தலையில் கட்டிவிட்டார்கள். கண்டோன்மெண்ட் ஓட்டலில் தங்கல், மத்தியானச் சாப்பாடு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில். நல்ல மனிதர். நாலு முழ உயரம் என்பார்களே, அதற்கும் மேலே. எதையும் பாதியில் விடமாட்டார். முதல் வாரத்தில் அவர் எங்கள் கோர்ட்டில் கற்றுக்கொண்ட சட்டச் சொல் ஒன்றே ஒன்று, 'வாய்தா'. தினமும் காலையில் என்னைப் பார்த்ததும் "வாய்தா?" என்று கேட்பார். நான் தலையாட்டுவேன்.

கொக்கு வழக்கைச் சொன்னதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவர்கள் நாட்டில் இந்த மாதிரி வழக்கென்றால் தெருவில் போகிறவர்களை நிறுத்தி, இரண்டு டப்பாக்களையும் காட்டி, இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்டு எழுதிக்கொள்வார்களாம். அதையே ஜட்ஜ் ஒப்புக்கொள்வாராம். "இங்கேயும் செய்து பார்ப்போமே" என்றார்.

செய்தோம். மலைக்கோட்டை வாசலில், கொளுத்துகிற வெயிலில், அவர் இரண்டு டப்பாக்களையும் ஏந்திக்கொண்டு நிற்க, நான் மொழிபெயர்க்க. முதலில் மாட்டிய பெரியவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "துரை என்ன சொல்றார்?" என்று என்னைக் கேட்டார்.

"அவர் உங்களைத்தாங்க கேக்கறார். ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

"படிச்சவங்க நீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அடுத்து வந்தவர், ஒன்று என்றும் வைத்துக்கொள்ளலாம், வேறு என்றும் வைத்துக்கொள்ளலாம், துரைக்கு எது சௌகரியமோ அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். பிள்ளைகளோடு வந்த ஒரு பெண், டப்பா இனாமா என்று கேட்டு, ஆளுக்கொன்றாகப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அத்தோடு விசாரணை முடிந்தது. ஜெர்மானியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்கள் மக்கள் மிகவும் மரியாதை தெரிந்தவர்கள்" என்றார். அது பாராட்டு இல்லை.

ஆனால் அந்த வெயிலிலும் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அவரை யாருக்கும் தெரியாது. யார் வீட்டு மாப்பிள்ளையும் இல்லை. அவரே போய் வாங்கினால்? நானும் துள்ளினேன். "கொக்கு மார்க் பெருங்காயம் ஒரு டப்பா குடுங்க" என்று ஒரு வாக்கியத்தை அவருக்கு உருப்போட வைத்தேன். ஓட்டல் அறையில் இரவெல்லாம் சொல்லிப் பார்த்தாராம். மறுநாள், மீன் இல்லாத கொக்கை மட்டுமே வெளியில் அடுக்கிவைத்திருந்த ஒரு மளிகைக் கடைக்குப் போனோம். நான் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு, வெறும் மொழிபெயர்ப்பாளன் மாதிரி கூடவே நின்றேன்.

அவர் வாக்கியத்தைச் சொல்லி முடித்ததுதான் தாமதம், கடையே எழுந்து நின்றது. "அடடா, துரை என்னமாத் தமிழ் பேசுறார்!" நாற்காலி வந்தது. சோடா வந்தது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஜெர்மானியர் அடுக்கிலிருந்த டப்பாவை ஆசையோடு சுட்டிக்காட்டினார். கடைக்காரர் பதறிப்போய் என் பக்கம் திரும்பினார்.

"அது வேணாங்க. அது மீன் இல்லாதது, டூப்ளிகேட்டு. கொக்கு மார்க்னு வர்ற நம்ம ஆளுங்களுக்குத் தள்ளிவிடறது. கண்டம் விட்டுக் கண்டம் வந்திருக்கிறவருக்கு அதைக் குடுத்தா நம்ம ஊரைப் பத்தி என்ன நெனைப்பார்?" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் மீன் கொக்கைத் தேடி எடுத்து, துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

டப்பாவில் மீனைப் பார்த்ததும் ஜெர்மானியரின் முகம் விழுந்துவிட்டது. எனக்கோ குதிக்க வேண்டும் போல இருந்தது. தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போய், கடைக்காரர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டதைச் சொன்னேன். "நானே சாட்சி சொல்கிறேன்!" என்றார். தமிழ் தெரியாதவர் என்ன சாட்சி சொல்வார்? கேட்ட காது என் காதுதான். ஆனால் வாதாடுகிற வக்கீலே கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லக் கூடாது. அவர்கள் நாட்டிலும் அப்படித்தானாம். இரண்டு நாட்டு நடைமுறையும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். அதுவும் என் கழுத்தைப் பிடித்தது.

எத்தனை வாய்தாவுக்கு நான் தயார் செய்து வைத்த வாதம்! கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்ததெல்லாம் உண்டு. அந்த அம்மாளிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "கூண்டுல ஏறுங்கய்யா. பேசறதுக்கு வேற வக்கீல் கிடைப்பாங்க. கேட்டது நீங்கதானே" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. வழக்கை ஒரு நண்பரிடம் ஒப்படைத்தேன்.

சாட்சி நாளன்று மளிகைக்காரர் என் முகத்தைப் பார்க்காமலேயே, "நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்து நான் ஏறினேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். இனி என் வார்த்தையை ஜட்ஜ் நம்புகிறாரா இல்லையா, அதில்தான் எல்லாம் இருந்தது. முன்வரிசையில் அந்த அம்மாள் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெர்மானியர்.

எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். எனக்கு வெகுநாள் பழக்கம், காப்பிக்குக் கூடப் போகிறவர். இனிமையாகக் கேட்டார்: "உங்கள் வீட்டில் என்ன பெருங்காயம்?"

"கொக்கு மார்க். மீன் கொக்கு."

"நிச்சயமாக?"

"நிச்சயமாக" என்றேன். உண்மையில் சமையலறை எந்தப் பக்கம் என்பதற்கு மேல் எனக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது.

அவர் சிரித்துக்கொண்டே ஸ்ரீரங்கத்து மளிகைக்காரரைக் கூண்டுக்கு அழைத்தார். எங்கள் வீட்டுக்குச் சாமான் போடுகிறவரேதான்.

"ஐயா வீட்டுக்கு நான் போடறது மீன் இல்லாததுங்க. அது கடைக்கு வந்த நாள்லேருந்து அதான்."

கோர்ட் கொல்லென்று சிரித்தது. "பாருங்கள், இவருக்கே தன் வீட்டில் இருப்பது தெரியவில்லை! இவர் வீட்டிலேயே விரும்பி வாங்குவது என் கட்சிக்காரரின் சரக்கு!" என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நான் அந்த அம்மாளைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. என் வாயாலேயே அவரை வையம்பட்டிக்கு வண்டி ஏற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஜட்ஜ் மட்டும் சிரிக்கவில்லை. மளிகைக்காரரைப் பார்த்து, "அவங்க வீட்டுல என்னன்னு கேட்டு வாங்குவாங்க?" என்றார்.

"கொக்கு மார்க்னு கேப்பாங்க."

"நீங்க ஏன் மீன் இல்லாததைக் குடுத்தீங்க?"

"ஆசாரமான வீடுங்க. மீன் படத்தைக் கொண்டு போய் எப்படி வைக்கிறது? நானாத்தான் இதைக் குடுத்துட்டேன். எனக்கும் நாலு காசு கூட நிக்கும்."

"ரெண்டும் வேற வேற கம்பெனின்னு வக்கீல் வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்களே. அவங்களும் கேக்கலை, நானும் சொல்லலை."

ஜட்ஜ் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். எதிர்க்கட்சி வக்கீலின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. நான் ஊரெல்லாம் தேடிய ஏமாந்த ஆசாமி, கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நானேதான். வித்தியாசத்தைச் சொல்லிப் பிழைக்கிறவன் வீட்டிலேயே தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றால், மற்ற வீடுகளைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது? ஜெர்மானியர் ஒன்றும் புரியாமல், தோற்றுவிட்டோமா என்று சைகையால் கேட்டுக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பாக்கும்போதெல்லாம் உங்க பெருங்காயம் மாதிரி வருமா, வீடே மணக்குதும்பீங்களே. எதைத் தின்னுட்டுய்யா சொன்னீங்க?"

தடை உத்தரவு வந்தது. மீன் இல்லாத கொக்கு கடைகளிலிருந்து இறங்கியது. ஜெர்மானியர் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் கடைசிச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மத்தியானம், அந்த அம்மாள் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டார்.

"இதாவது அசலைச் சாப்பிடுங்கம்மா" என்று என் மனைவியிடம் நீட்டினார்.

கோர்ட்டில் தன் சமையலறையை இழுத்ததற்காக என்னோடு பேசாமல் இருந்த என் மனைவி, டப்பாவைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். கை நீளவில்லை. "தப்பா நெனைச்சுக்காதேள். பெருமாளுக்குத் தளிகை பண்ற எடம். இந்த மீனை எப்படி உள்ளே கொண்டு போறது?" என்றாள். குரலில் நிஜமான சங்கடம் இருந்தது.

எனக்கு உயிர் போயிற்று. இத்தனை பாடுபட்டு மீட்ட கொக்கு, என் வீட்டு வாசற்படியிலேயே நிற்கிறதே என்றிருந்தது. அந்த அம்மாளோ டப்பாவைத் திருப்பிக்கொண்டு, லேபிள் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, ஒரே இழுப்பாகச் சர்ரென்று கிழித்துவிட்டார். "இதுக்கா இம்புட்டு யோசனை? பிடிங்கம்மா" என்றார். என் மனைவி சிரித்துவிட்டாள். டப்பா உள்ளே போயிற்று.

ஜெர்மானியர் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து வந்தார். இதற்காகத்தானே இவ்வளவு நாள் வழக்காடினார், இப்போது ஏன் கிழித்தார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"என் கொக்கு, நான் கிழிக்கிறேன்" என்றார் அந்த அம்மாள். "அடுத்தவன் மீனைப் புடுங்கினாத்தான் கேஸுன்னு சொல்லுங்க துரைகிட்ட."

அதை இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தேன். சிரிப்பு வந்து பேச முடியவில்லை.