காட்டு மாட்டின் தோள்பட்டை

கும்மிடிப்பூண்டியில் நான் ஃபிட்டராக இருக்கும் ஷெட்டில் அதுவரை கன்வேயர் ஃபிரேம், தண்ணீர்த் தொட்டி, ஏணி என்றுதான் செய்துகொண்டிருந்தோம். ஒரு நாள் லாரியில் எலும்புகள் வந்து இறங்கின. நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் புதைபடிவப் பாலூட்டிகளுக்கென்று புதுக் கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ ஆயிரம் வருடங்களுக்கு முன் இந்த நாட்டில் திரிந்த யானை, நீர்யானை, காட்டு மாடு என்று ஒன்பது விலங்குகள். வந்தவை அசல் எலும்புகள் இல்லை, அசலைப் பார்த்து அச்சில் வார்த்த ஃபைபர். அவற்றை இரும்புக் குழாயில் கோத்து நிற்க வைப்பது எங்கள் வேலை. முதலில் மாடு. அது தேறினால் மற்ற எட்டும் எங்களுக்கு. தேறாவிட்டால் வேறு ஷெட்டுக்குப் போய்விடும்.

எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறிய வழக்கம் ஒன்று உண்டு. தகடு எதுவானாலும் வழவழப்பான முகம் வெளியே, ஸ்டிஃப்னர் உள்ளே. தகடு நெளியாமல் இருக்க அதன் முதுகில் பற்றவைக்கும் பட்டையைத்தான் அப்படிச் சொல்வோம். அது வெளியே தெரிந்தால் வேலை அசிங்கம். மாட்டின் தோள்பட்டை எலும்போ முறம் மாதிரி அகலமாக இருக்கிறது. ஒரு முகம் வழவழப்பு, மறுமுகத்தின் நடுவே நீளமாக ஒரு மேடு. பார்த்தால் அசல் ஸ்டிஃப்னரேதான்! எலும்புகளை இறக்கியபோது பெய்த மழையில் இடது, வலது என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கள் கழன்றுவிட்டன. வரைபடத்தில் வெளிக்கோடு மட்டும்தான் இருந்தது. எங்கள் ஆட்கள் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. மேடு உள்ளே போகும்படி இடதை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் வைத்து போல்ட்டை முறுக்கிவிட்டார்கள்.

நான் அன்று பின்னங்கால் வேலையில் இருந்தேன். டீ நேரத்தில் முன்பக்கம் வந்தேன். தப்பு என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று சொல்வதில்தான் சிக்கல்.

பொன்னேரிக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் மாட்டுக்கறி. மாமாவுக்குக் கறிக்கடை. கல்யாணத்துக்கு முன்பு எத்தனையோ ஞாயிறு அவருடன் நின்று தோள்பட்டையிலிருந்து கறி கழற்றியிருக்கிறேன். மேட்டின் இரண்டு பக்கமும் கத்தியை ஓட்டினால் சதை கையோடு வந்துவிடும். உள்முகம் விலாவின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டியது. மேடு அங்கே இருந்தால் மாடு ஓரடி நடக்காது. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் ஷெட்டில் பன்னிரண்டு வருடமாக ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. திங்கட்கிழமை டப்பாவில் மிச்சக் கறி இருந்தால் மட்டன் என்று சொல்லிவிடுவேன். அதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் உண்மையைச் சொல்லி, மறுநாளிலிருந்து தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். அந்தச் சோறு இன்றைக்கும் மறக்கவில்லை.

மறுநாள் காலை அருங்காட்சியகத்து அதிகாரி பார்வையிட வருகிறார். கமுக்கமாக இருந்துவிடலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. என் கைபட்ட வேலை கோணலாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் ஜாதகம் எனக்கில்லை.

சூப்பர்வைசரிடம் போனேன். நிலம் நீச்சு உள்ள குடும்பம் அவருடையது. பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கெல்லாம் தானே பெயிண்ட் அடிக்கிறவர்.

"அண்ணா, தோள்பட்ட ரெண்டும் மாத்தி வச்சிக்கீறாங்க."

"இன்னாத்த மாத்தி? ஸ்டிஃப்னர் உள்ளதான்பா இருக்கும்."

"இதுக்கு வெளிய வரணும்ணா."

"நான் பொறந்ததுலேர்ந்து மாட்டோட இருந்துக்கினு கீறேன். எனக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரியும்?"

ஃபோனில் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஃபோனையெல்லாம் காலையிலேயே கேட்டில் வாங்கி வைத்துவிடுகிறார்கள், அந்தப் பொய்க்கும் வழியில்லை. ஆறு பேர் டீ கிளாசோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தது வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"நாங்க மாட்டுக்கறி சாப்புட்றவங்கண்ணா. எங்க மாமாவுக்குக் கறிக்கட. இந்த எலும்புலேர்ந்து எத்தினி வாட்டி கறி எடுத்துக்கீறேன் தெரியுமா? மேடு வெளியதான். எழுதியே தரேன்."

ஒருவர் கிளாசை வைத்துவிட்டு எழுந்து போனார். சூப்பர்வைசர் மாட்டிடம் போய், தோள்பட்டைக்கும் விலாவுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். கை நுழையவில்லை, மேடு விலாவில் முட்டிக்கொண்டு நின்றது.

"கொம்புலேர்ந்து வாலு வரைக்கும் தடவிக்கீறேன்பா," என்றார். "தோலுக்கு உள்ள இன்னா கீதுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல." பிறகு ஸ்பேனரைத் தானே எடுத்தார். "கழட்டுங்கப்பா. இவன் சொல்றா மாதிரி வைங்க."

மேடு வெளியே வந்ததும் மாட்டுக்கு உயிர் வந்துவிட்டது. இப்போது அடி எடுத்து வைக்கும் போலிருந்தது.

காலையில் அருங்காட்சியகத்து அதிகாரி அம்மா வந்தார். மாட்டைச் சுற்றி இரண்டு முறை நடந்தார், தோள்பட்டை மேட்டில் விரலை ஓட்டினார்.

"இந்த இடத்துல நிறையப் பேர் ஏமாந்துடுவாங்க. யார் வெச்சது?"

சூப்பர்வைசர் என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார்.

"அனாட்டமி படிச்சிருக்கீங்களா?"

"இல்ல மேடம். மாட்டுக்கறி சாப்புட்ற ஊடு."

"அப்போ மீதி எட்டையும் நீங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கணும்," என்றார். பின்னால் யாரோ விசிலடித்தார்கள். பெருமையில் எனக்கு அன்று தலை கூரையில் இடித்தது.

கூடம் திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பதும் நின்றன. நீர்யானையின் வாயைப் பார்த்து மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள். மாட்டின் முன்னால் ஒரு பெரியவர் தன் மனைவியிடம், "அந்த மேட்டை மட்டும் உள்பக்கம் வெச்சிருந்தா இன்னும் பார்வையா இருந்திருக்கும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்ல சார், அது வெளியதான் இருக்கணும். நான்தான் வெச்சேன்," என்றேன்.

"நீங்க மாட்டு டாக்டரா?"

"ஃபிட்டர் சார்."

அவர் தலையாட்டிவிட்டு நகரப் பார்த்தார். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி.